எழுத்து வழியே சொல் தேடல்

சொல்லைத் தேடுவார் இருவகையினர். கண்ட சொல்லின் பொருளை அறிய விரும்புவார் ஒருவகையினர். கருதிய பொருளுக்கும் செய்யுளின் ஓசைக்கும் இயைந்த சொல்லை நாடுவார் மற்றொரு வகையினர். முன்னவர் நூலைப் படிப்பவர். பின்னவர் நூலை யாப்பவர். இவ்விருவருக்கும் ஒரே கருவி போதியதன்று. யாழ்ப்பாணத்துச் சொன்னூல் வரலாறு இவ்வுண்மையை நன்கு விளக்குவதாகும்.

திண்ணைப் பள்ளிகளிலே மாணவர் நெட்டுருச் செய்த நூல்களுள் ஒன்று சூடாமணி நிகண்டு. சமணராகிய மண்டலபுருடர் இயற்றிய இந்நூல் பன்னிரண்டு தொகுதிகளை உடையது. முதற் பத்துத் தொகுதிகளும் தேவர், மக்கள், விலங்கு, மரம், இடம் முதலாகப் பொருள்வகையாற் சொற்களைத் தொகுத்துரைக்கின்றன. பதினோராந் தொகுதியோ ஒரு சொற்குரிய பல பொருள்களைக் கூறுவது. அதன் வைப்புமுறை வேறு. அங்கே சொற்கள் எதுகை பற்றி, அஃதாவது இரண்டாம் எழுத்துப் பற்றி, அடைவு செய்யப்பட்டுள்ளன. அகம், நகம், பகல் என்பன முதலெழுத்தால் வேறுபடினும் இரண்டாம் எழுத்தால் ஓரினமாவது போல, ககர எதுகைச் சொற்கள் ஓரிடத்தும் பிற எதுகைச் சொற்கள் தத்தம் இடத்தும் நின்றன. பாடலின் ஓரடி நினைவுக்கு வரின், எதுகை ஏனைய அடிகளையும் இழுத்து வரும். ஏட்டைப் புரட்டாது நெஞ்சிலே தேடுவார்க்கு இதனினும் ஏற்ற முறை வேறில்லை.

முதலெழுத்து முறையும் தமிழுக்குப் புதியதன்று. சிதம்பர ரேவணசித்தர் 1594 ஆம் ஆண்டிலே அகராதி நிகண்டை இயற்றி, முதலெழுத்து நோக்கிச் சொற்களை நிரல்படுத்தினார். வீரமாமுனிவர் 1732 ஆம் ஆண்டிற் சதுரகராதியைச் செய்தபோது, பெயர், பொருள், தொகை, தொடை என அதனை நால்வகையாக வகுத்தார். தொடையகராதி எதுகைக்கு இயைந்த சொற்களைத் தொகுத்துக் காட்டுவது. படிப்பவரையும் யாப்பவரையும் ஒருங்கே மனத்திற் கொண்டமையே அந்நூலின் சிறப்பு எனலாம்.

இத்தேவை தமிழர்க்கு மட்டும் உரியதன்று. ஆங்கிலச் செய்யுளில் இயைபு அடியின் இறுதியில் அமைவது. ஆதலின் அம்மொழியாளர் சொல்லின் கடையெழுத்திலிருந்து தேடும் அகராதிகளை ஆக்கினர். பீற்றர் லெவின்ஸ் என்பார் 1570 ஆம் ஆண்டிலும், யோன் வாக்கர் என்பார் 1775 ஆம் ஆண்டிலும் இத்தகைய நூல்களை வெளியிட்டனர். ஜியோலொஜி, சூவொலொஜி, சைக்கொலொஜி முதலிய நெடுஞ்சொற்கள் முதலெழுத்து முறையில் வெவ்வேறு இடத்தே சிதறிக் கிடக்கும். கடையெழுத்து முறையிலோ அவை ஒரு குடும்பமாகக் கூடிநிற்கும். தமிழர் இரண்டாம் எழுத்தையும் ஆங்கிலேயர் கடையெழுத்தையும் பற்றியமை அவ்வம்மொழியின் யாப்பு வகுத்த வழியேயாம்.

யாழ்ப்பாணத்திற் பெருமாற்றம் விளைந்தது 1842 ஆம் ஆண்டில். நல்லூரில் இருந்த நைற் பாதிரியார் நெடுங்காலம் சொற்களைத் தொகுத்து வந்து, பணி நிறைவுறுமுன் 1840 இல் இறந்தார். பின்னர் ஸ்போல்டிங் பாதிரியாரும் சந்திரசேகர பண்டிதரும் உழைத்து முடித்த தமிழகராதி மானிப்பாயில் அமெரிக்க மிஷன் அச்சுக்கூடத்தில் அச்சாகி வெளிவந்தது. மானிப்பாய் அகராதி எனவும் யாழ்ப்பாண அகராதி எனவும் வழங்கும் அந்நூலில் ஏறத்தாழ 58,500 சொற்கள் உள்ளன. நைற் பாதிரியார் தொகுத்தவை வின்ஸ்லோ பாதிரியாருக்கும் உதவின; 67,000 சொற்களுக்கு மேற்பட்ட அவரது தமிழ் ஆங்கில அகராதி 1862 இற் சென்னையில் வெளிவந்தது. உடுப்பிட்டி கு. கதிரைவேற்பிள்ளை தொகுத்த தமிழ்ச் சொல்லகராதியை மதுரைத் தமிழ்ச்சங்கம் 1910 முதலாக வெளியிட்டது.

அகராதி வந்ததும் நிகண்டு மறைந்ததெனக் கருதுதல் பிழை. மானிப்பாய் அகராதி வெளிவந்து ஏழாண்டு கழித்து, 1849 இல், ஆறுமுக நாவலர் சென்னையிலே சூடாமணி நிகண்டுரையை அச்சிட்டார். பிறவற்றில் அச்சின் பயனை நன்குணர்ந்த நாவலர், நிகண்டு பழையதென்று அதனைத் தள்ளினாரல்லர்.

முதலெழுத்து முறையின் ஆற்றலும் எல்லையும் இங்கே சிந்திக்கற்பாலன. அது நினைவாற்றல் குறைந்தார்க்கும் நூலின் வாயிலைத் திறந்துவிட்டது. ஆசிரியரை அடுத்திராத மாணவனும் தானே பொருள் காண இயன்றது. இது சிறிய நன்மையன்று. ஆயினும், பொற்குடம் என்பதைக் கண்டவன் பொன் என்னுஞ் சொல்லையும், மட்பாண்டம் என்பதைக் கண்டவன் மண் என்னுஞ் சொல்லையும் தேடவேண்டுமென அறியாவிடின் அகராதி அவனுக்கு வாய்திறவாது. புணர்ச்சி இலக்கணமே அப்பூட்டின் திறவுகோல். எதுகை நாடும் புலவனுக்கோ அகராதியின் ஒழுங்கு முழுதும் பயன்படாது ஒழியும்.

இக்காலத்திற் கணினி இவ்வேறுபாட்டைப் பெரிதும் போக்கியுள்ளது. வின்ஸ்லோ அகராதியும், 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்த சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியும் சிக்காகோப் பல்கலைக்கழகத்தின் முயற்சியாற் கணினியிற் கிடைக்கின்றன. சொற்பட்டியல் ஒன்று கணினியில் இருப்பின், முதலிலோ நடுவிலோ இறுதியிலோ குறித்த எழுத்தையுடைய சொற்களை நொடியிற் பிரித்தெடுக்கலாம். பதினோராந் தொகுதியும், தொடையகராதியும், வாக்கரின் நூலும் தனித்தனியே செய்த பணியை ஒரு பொறி செய்கின்றது.

எனினும் பொறி தருவது பட்டியலே. அப்பட்டியலில் எச்சொல் பொருளுக்கு இயையும், எது வழக்கிறந்தது, எது அவைக்கு ஆகாதது என்பவற்றைத் தெரிந்து கொள்ளுதல் கற்றவன் கடன். நிகண்டை நெஞ்சில் வைத்திருந்த மாணவனிடம் சொல்லும் பொருளும் ஓசையும் ஒருங்கே குடியிருந்தன. சொல்லைத் தேடும் வசதி பெருகிய இந்நாளில், தேடாமலே நினைவுக்கு வரும் சில நூறு சொற்களையாவது இளமையிலே நெஞ்சிற் பதித்தல் மாணவர்க்கு நலம் பயக்கும். தேடக் கருவி இருந்தாலும், இன்னதைத் தேடவேண்டும் என்று உணர்த்துவது முன்னரே உள்ளத்தில் உள்ள சொல்லேயாம்.