உடல் பருமன்: பழியா, நோயா?

"நன்றாகப் பூசினாற்போல் இருக்கிறார்" என்று ஒருவரைப் பற்றிச் சொன்னால் அது பாராட்டு. "என்ன இப்படி இளைத்துப் போய்விட்டாய்?" என்று கேட்டால் அது கவலை. தமிழர் பேச்சு வழக்கில் சதைப்பிடிப்பு செழிப்பின் அடையாளம். மெலிவு வறுமைக்கோ நோய்க்கோ அடையாளம்.

அதே சமூகத்தில் இன்று ஒருவர் எடையைக் குறைக்க இரைப்பை அறுவை சிகிச்சை செய்துகொள்கிறார் என்று வைத்துக்கொள்வோம். உறவினர்களிடம் அதை வெளிப்படையாகச் சொல்ல அவர் தயங்குகிறார். "வாயைக் கட்டத் தெரியாமல் வயிற்றை வெட்டிக்கொண்டார்" என்று பேசுவார்களே என்ற பயம்தான் காரணம். உடல் பருமனை நோயாகப் பார்க்காமல் ஒழுக்கக் குறைவாகப் பார்க்கும் மனப்போக்கு இது. சிங்கப்பூரின் கடந்த கால அனுபவம் இந்த மனப்போக்கு எவ்வளவு தவறானது என்பதைக் காட்டுகிறது.

உழைத்த உடல்கள்

இன்று லிட்டில் இந்தியா எனப்படும் சிராங்கூன் சாலை வட்டாரம் 19ஆம் நூற்றாண்டில் மாட்டு வணிகம் நடந்த இடம். 'கண்டாங் கெர்பாவ்' என்ற மலாய்ப் பெயருக்கு எருமைக் கொட்டகை என்று பொருள். பஃபலோ ரோடு என்ற பெயரும் அந்தக் காலத்தின் மிச்சம்தான். மாட்டுக் கொட்டகையிலும் செங்கல் சூளையிலும் சாலைப் பணியிலும் துறைமுகத்திலும் உழைத்த தமிழர்களுக்குச் சோறுதான் எரிபொருள். காலையில் உண்ட சோறு மாலைக்குள் வியர்வையாகிவிடும்.

பிறகு வந்தது 1942 முதல் 1945 வரையிலான ஜப்பானியர் ஆட்சி. அரிசி கிடைக்காமல் மக்கள் மரவள்ளிக் கிழங்கைத் தின்று உயிர் பிழைத்தார்கள். அந்தப் பசியைக் கண்ட தலைமுறை பிள்ளைகளையும் பேரப் பிள்ளைகளையும் "இன்னும் கொஞ்சம் போட்டுக்கொள்" என்று சொல்லி வளர்த்ததில் வியப்பில்லை. அவர்களுக்குச் சோறு என்றால் பாசம்.

அடுத்த சில பத்தாண்டுகளில் வாழ்க்கை மாறியது. கம்பத்து வீடு அடுக்குமாடி வீடானது. படிக்கட்டின் இடத்தை மின்தூக்கி பிடித்தது. மண்வெட்டி பிடித்தவரின் பேரன் குளிரூட்டப்பட்ட அலுவலகத்தில் கணினி முன் அமர்ந்தான். வாழை இலையில் விழும் சோற்றின் அளவு மட்டும் மாறவில்லை.

விளைவு புள்ளிவிவரங்களில் தெரிந்தது. தேசியச் சுகாதார ஆய்வின்படி 2004இல் 6.9 விழுக்காடாக இருந்த உடல் பருமன் 2010இல் 10.8 விழுக்காடானது. 2010இல் இந்தியர்களிடையே அது 16.9 விழுக்காடு. அதே ஆண்டில் நீரிழிவு நோய் இந்தியர்களில் 17.2 விழுக்காட்டினருக்கு இருந்தது. நாடு தழுவிய விகிதமோ 11.3தான். 2021-2022 ஆய்வில் நாட்டின் பருமன் விகிதம் 11.6 விழுக்காட்டை எட்டியது.

தனியே ஓடவிட்ட பிள்ளைகள்

அரசாங்கம் கைகட்டி நிற்கவில்லை. கல்வி அமைச்சு 1992இல் பள்ளிகளில் 'டிரிம் அண்ட் ஃபிட்' என்ற திட்டத்தைத் தொடங்கியது. எடை கூடிய மாணவர்கள் தனியாகப் பிரிக்கப்பட்டு கூடுதல் உடற்பயிற்சி செய்தார்கள். திட்டம் பலனும் தந்தது. 1992இல் 14 விழுக்காடாக இருந்த மாணவர் பருமன் 2006இல் 9.5 விழுக்காடாகக் குறைந்தது.

ஆனால் எண்ணிக்கைக்குள் அடங்காத ஒரு விலையும் இருந்தது. திட்டப் பெயரிலுள்ள மூன்று ஆங்கிலச் சொற்களின் முதல் எழுத்துகளைத் திருப்பிப் படித்தால் 'ஃபேட்' என்று வரும். 'குண்டு' என்று பொருள்படும் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு மற்ற மாணவர்கள் கேலி செய்தார்கள். நண்பர்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது தான் மட்டும் திடலைச் சுற்றி ஓடுவது ஒரு பிள்ளையின் மனத்தில் என்ன எழுதும்? 2007இல் அத்திட்டம் கைவிடப்பட்டு, எல்லா மாணவர்களுக்குமான முழுமையான உடல்நல அணுகுமுறை வந்தது. எடை குறைந்தாலும் அவமானம் குறையாது என்பதை நாடு அந்த 15 ஆண்டுகளில் கற்றுக்கொண்டது.

அவமானம் ஆளைக் குறுக்கு வழிக்குத் தள்ளும். 2002இல் 'ஸ்லிம் 10' என்ற மெலிவு மாத்திரையை உட்கொண்ட நடிகை ஆண்ட்ரியா டி குரூஸின் கல்லீரல் செயலிழந்தது. அப்போது அவருடைய காதலராக இருந்த நடிகர் பியர் பிங் தம் கல்லீரலின் ஒரு பகுதியைத் தந்து அவரைக் காப்பாற்றினார். அதே மாத்திரையைச் சாப்பிட்ட இன்னொரு பெண் பிழைக்கவில்லை. மூலிகை என்று விற்கப்பட்ட அந்த மாத்திரையில் நைட்ரோசோ ஃபென்ஃபுளூரமின் என்ற ஆபத்தான இரசாயனம் கலந்திருந்தது. மருத்துவரிடம் போகக் கூச்சப்பட்டுக் கடைச் சரக்கை நம்புவோருக்கு அந்தச் சம்பவம் இன்றும் எச்சரிக்கை.

சிங்கப்பூரில் மாறிய அளவுகோல்

அதே 2002ஆம் ஆண்டு ஜூலை மாதம் சிங்கப்பூரில் இன்னொரு நிகழ்வு நடந்தது. உலகச் சுகாதார நிறுவனத்தின் வல்லுநர்கள் இங்கே கூடினார்கள். பிஎம்ஐ எனப்படும் உடல் எடைக் குறியீடு ஆசியர்களுக்குப் பொருந்துமா என்பதே அவர்கள் ஆராய்ந்த கேள்வி.

கிலோகிராமில் உள்ள எடையை, மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வருவது பிஎம்ஐ. 25க்கு மேல் போனால் கூடுதல் எடை, 30ஐத் தொட்டால் பருமன் என்பது உலக வழக்கு. ஆனால் சிங்கப்பூர்ச் சீனர், மலாய்க்காரர், இந்தியர் ஆகியோரின் பிஎம்ஐ குறைவாக இருந்தாலும் உடல் கொழுப்பு அதிகமாக இருக்கிறது என்று 2000ஆம் ஆண்டில் இங்கு வெளியான ஆய்வு காட்டியிருந்தது.

இதை எளிதாக விளக்க ஒரு படம் உண்டு. புனேயைச் சேர்ந்த மருத்துவர் யாஜ்னிக்கும் லண்டனைச் சேர்ந்த மருத்துவர் யுட்கினும் அருகருகே நிற்கும் அந்தப் படம் 2004இல் 'லான்செட்' இதழில் வெளிவந்தது. இருவருக்கும் பிஎம்ஐ 22.3தான். ஆனால் ஆங்கிலேயரின் உடலில் கொழுப்பு 9.1 விழுக்காடு, இந்தியரின் உடலிலோ 21.2 விழுக்காடு. ஒல்லியாகத் தோன்றும் இந்திய உடலுக்குள்ளும் கொழுப்பு ஒளிந்திருக்கிறது.

உலக எல்லைகளை மாற்றாமல், ஆசியர்களுக்குக் கூடுதல் எச்சரிக்கைக் கோடுகளாக 23, 27.5, 32.5, 37.5 ஆகியவற்றை வல்லுநர்கள் பரிந்துரைத்தார்கள். 2005இல் சிங்கப்பூர் தன் அளவுகோலைத் திருத்தியது. 23இல் தொடங்கி மிதமான அபாயம், 27.5இல் தொடங்கி அதிக அபாயம். 165 சென்டிமீட்டர் உயரமுள்ளவர் சுமார் 75 கிலோவை எட்டினாலே அதிக அபாயப் பிரிவில் சேர்ந்துவிடுவார். ஊரார் கண்ணுக்கு அவர் பூசினாற்போல்தான் தெரிவார்.

கத்தியின் கதை

அறுவை சிகிச்சையின் கதையும் தடுமாற்றத்துடன்தான் தொடங்கியது. 1954இல் அமெரிக்காவின் மினசோட்டா மாநில மருத்துவர்கள் கிரெமனும் லின்னரும் சிறுகுடலின் பெரும்பகுதியை உணவு தொடாதபடி திருப்பிவிடும் முறையை வெளியிட்டார்கள். எடை குறைந்தது. கூடவே சத்துக் குறைவும் சிறுநீரகக் கல்லும் கல்லீரல் கோளாறும் வந்தன. அந்த முறை பின்னாளில் கைவிடப்பட்டது.

1966இல் அயோவா பல்கலைக்கழகத்தின் எட்வர்ட் மேசன் வேறு வழியைக் கண்டார். வயிற்றுப் புண்ணுக்காக இரைப்பையின் ஒரு பகுதி நீக்கப்பட்டவர்களுக்கு எடை கூடுவதில்லை என்பது அவருக்குத் துப்பு தந்தது. இரைப்பையின் மேல்பகுதியைச் சிறு பையாக்கி நேராகக் குடலுடன் இணைக்கும் மாற்றுப்பாதை அறுவை அப்படிப் பிறந்தது. 1990களில் சிறு துளைகள் வழியாக அறுவை செய்யும் நுட்பம் வந்ததும் நோயாளி சீக்கிரம் வீடு திரும்ப முடிந்தது.

இன்று அதிகம் செய்யப்படுவது 'ஸ்லீவ்' முறை. இரைப்பையின் ஏறத்தாழ முக்கால் பங்கை நீக்கிவிட்டுச் சட்டைக் கை போன்ற ஒரு குழாயை மட்டும் விட்டுவைப்பார்கள். மிக அதிக எடை கொண்டவர்களுக்கு இரண்டு கட்டமாகச் செய்யும் சிகிச்சையின் முதல் கட்டமாகவே இது தொடங்கியது. பலருக்கு முதல் கட்டத்திலேயே எடை நன்றாகக் குறைந்ததால் தனிச் சிகிச்சையாக நிலைபெற்றது. சிங்கப்பூரில் 2000களின் தொடக்கத்தில் இரைப்பையைச் சுற்றிச் சிலிக்கோன் பட்டை பொருத்தும் முறை பரவலாக இருந்தது. பிறகு அதன் இடத்தை ஸ்லீவ் பிடித்துக்கொண்டது.

இரண்டு கண்டுபிடிப்புகள் மருத்துவர்களின் பார்வையையே மாற்றின. மாற்றுப்பாதை அறுவைக்குப் பிறகு பெரும்பாலான நோயாளிகளின் நீரிழிவு கட்டுக்குள் வந்ததை 1995இல் அமெரிக்க மருத்துவர் வால்டர் போரிஸ் குழு வெளியிட்டது. 1999இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் 'கிரெலின்' என்ற பசிச் சுரப்பைக் கண்டுபிடித்தார்கள். ஸ்லீவ் முறையில் நீக்கப்படும் இரைப்பைப் பகுதியில்தான் அது மிகுதியாகச் சுரக்கிறது. பசி என்பது மனக் கட்டுப்பாடு மட்டும் சார்ந்ததல்ல, சுரப்புகள் இடும் கட்டளையும்கூட என்பது அப்போது தெளிவானது. செமாகுளுடைட் போன்ற இன்றைய ஊசி மருந்துகளும் இதே உண்மையின் மீதுதான் இயங்குகின்றன. மருந்தை நிறுத்தினால் பலருக்குப் பசியும் எடையும் திரும்பி வருகின்றன.

கத்திக்கு முன்னால்

2016இல் வெளியான சிங்கப்பூர் மருத்துவ வழிகாட்டியின்படி, பிஎம்ஐ 37.5 அல்லது அதற்கு மேல் இருப்பவருக்கும், நீரிழிவு போன்ற நோய்களுடன் 32.5ஐத் தாண்டியவருக்கும் அறுவை பரிசீலிக்கப்படலாம். 2022இல் அனைத்துலக அறுவை மருத்துவர் சங்கங்கள் ஆசியர்களுக்கு 27.5இலிருந்தே பரிசீலிக்கலாம் என்று கூறின. டான் டோக் செங், சாங்கி, கூ டெக் புவாட் உள்ளிட்ட பொது மருத்துவமனைகளில் இந்தச் சிகிச்சை உண்டு. மருத்துவக் காரணத்துக்காகச் செய்தால் மெடிசேவ் பணத்தைப் பயன்படுத்தலாம், அழகுக்காக என்றால் முடியாது.

இன்று முடிவெடுத்து நாளை மேசையில் படுக்கும் காரியமல்ல இது. அறுவை மருத்துவர், நீரிழிவு மருத்துவர், உணவு ஆலோசகர், மனநல வல்லுநர் என்று ஒரு குழுவே நோயாளியைப் பார்க்கும். குறட்டை விடுபவருக்குத் தூக்கத்தில் மூச்சுத் தடைபடுகிறதா என்று சோதிப்பார்கள். இரைப்பைக்குள் குழாய் வழிப் பரிசோதனை நடக்கும். புகைபிடிப்பவர் நிறுத்தியாக வேண்டும். அறுவைக்கு முன் இரண்டு வாரம்போல் மிகக் குறைந்த கலோரி உணவு தரப்படும். கொழுப்பேறிய கல்லீரல் சுருங்கினால்தான் அதன் அடியில் உள்ள இரைப்பையை எட்ட முடியும். சோறும் ரொட்டியும் இல்லாத அந்த இரண்டு வாரமே பிந்திய வாழ்க்கைக்கு ஒத்திகை.

கத்திக்குப் பின்னால்

முதலில் நீராகாரம், அடுத்து மசித்த உணவு, பிறகு மென்மையான உணவு. வழக்கமான சாப்பாட்டுக்கு வர ஆறு முதல் எட்டு வாரம் ஆகலாம். அதன் பிறகும் ஒரு சிறு கிண்ண அளவிலேயே வயிறு நிறைந்துவிடும். நாளுக்குக் குறைந்தது 60 கிராம் புரதம் வேண்டும் என்பதால் தட்டில் முதல் இடம் மீனுக்கும் முட்டைக்கும், சைவர் என்றால் பருப்புக்கும் தயிருக்கும் தோஃபுவுக்கும். சோற்றுக்குக் கடைசி இடம். சாப்பிடும்போது தண்ணீர் குடிக்கக் கூடாது. தே தாரிக் குடித்துப் பழகியவர் 'தே ஓ கொசொங்' கேட்கப் பழக வேண்டும். மாற்றுப்பாதை அறுவை செய்தவர் தீபாவளி இனிப்பை அள்ளிச் சாப்பிட்டால் படபடப்பும் வியர்வையும் வயிற்றுப்போக்கும் வரலாம்.

பி12, இரும்பு, கால்சியம், வைட்டமின் டி ஆகியவற்றை வாழ்நாள் முழுதும் எடுத்துக்கொள்ள வேண்டும். இறைச்சி உண்ணாதவருக்கு பி12 இன்னும் முக்கியம். முதல் சில மாதங்களில் முடி கொட்டலாம். பித்தப்பைக் கல் வரலாம். ஸ்லீவ் செய்தவருக்கு நெஞ்செரிச்சல் தொல்லை தரலாம். மதுவின் போதை சீக்கிரம் ஏறும். குழந்தைப் பேறு விரும்பும் பெண்கள் ஓர் ஆண்டு முதல் ஒன்றரை ஆண்டு வரை பொறுத்திருக்க வேண்டும். கவனம் தவறினால் எடை திரும்பவும் ஏறும். இவ்வளவும் தெரிந்த பிறகு இதைச் 'சுலப வழி' என்று சொல்ல யாருக்கும் மனம் வராது.

பலன் உண்டா? உண்டு. 1987இல் தொடங்கி நாலாயிரத்துக்கும் மேற்பட்டோரைப் பின்தொடர்ந்த சுவீடன் ஆய்வு, அறுவை செய்துகொண்டவர்களிடையே மரண விகிதம் குறைந்ததை 2007இல் உறுதி செய்தது. மாற்றுப்பாதை அறுவை செய்தவர்கள் பத்தாண்டுக்குப் பின்னும் சுமார் 25 விழுக்காடு எடை குறைந்தே இருந்தார்கள்.

சிகிச்சை முடிந்தவருக்கு மருத்துவமனையைவிடக் கடினமான தேர்வு விருந்து வீட்டில் காத்திருக்கிறது. "என்ன இளைத்துவிட்டாய், சர்க்கரையா?" என்று ஒருவர் கேட்பார். "இவ்வளவுதானா சாப்பாடு?" என்று இன்னொருவர் மறுபடியும் இலையில் பரிமாறுவார். இரண்டும் அன்பால் வருபவைதான். மரவள்ளிக் கிழங்கு காலத்துப் பசி கற்றுத் தந்த அன்பு அது. பசி போன காலத்தில் அந்த அன்பு வேறு வடிவம் எடுக்க வேண்டும். கேள்வி கேட்காமல் அரைக் கரண்டியோடு நிறுத்துவதும், பழி பேசாமல் மருத்துவரிடம் துணைக்குப் போவதும் இன்றைய பாசம்.