கையில் சுமந்த அம்மைப்பால்

புதுச்சேரி நகரிலிருந்து நெட்டப்பாக்கத்துக்குப் பேருந்தில் போயிருக்கிறீர்களா? புறப்பட்ட சிறிது நேரத்தில் தமிழ்நாட்டின் எல்லை வரும். பிறகு மீண்டும் புதுச்சேரி வரும். சதுரங்கப் பலகையின் கட்டங்களைப் போல இரு ஆட்சிப் பகுதிகளும் ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து கிடக்கின்றன. இச்சாலைகளில் காலை வேளையில், தோள்பட்டை வைத்த ஒரு சிறிய பெட்டியுடன் இருசக்கர வண்டியில் விரையும் மனிதர் ஒருவரை நீங்கள் கண்டிருக்கலாம். பெட்டிக்குள் இருப்பவை தடுப்பூசி மருந்துக் குப்பிகள். அன்று எங்கோ ஒரு துணைச் சுகாதார நிலையத்தில் கைக்குழந்தைகளுடன் தாய்மார்கள் காத்திருப்பார்கள். அவர் நேரத்தோடு போய்ச் சேரவேண்டும். மருந்தும் கெடாமல் போய்ச் சேரவேண்டும்.

மருந்தைக் கண்டுபிடித்தவர்களை நாம் பாடப் புத்தகத்தில் படிக்கிறோம். அதைச் சுமந்து சென்றவர்களைப் பற்றி யாரும் சொல்வதில்லை. ஆனால் இந்த நாட்டுக்கு முதல் தடுப்பு மருந்து வந்த கதை, சுமந்தவர்களின் கதையேயாகும். அதுவும் அவர்கள் பெட்டியில் சுமக்கவில்லை. தம் உடலிலேயே சுமந்தார்கள். அக்கதையை இங்கே காண்போம்.

அம்மையும் பாலும்

பெரியம்மை என்றால் இன்றைய சிறுவர்களுக்கு என்னவென்று தெரியாது. அந்நோயின் கொடிய வகை கண்டவர்களில் பத்துக்கு மூவர் மாண்டனர். பிழைத்தவர்களின் முகத்தில் வடு நின்றது. பலருக்குக் கண் போயிற்று. நம் ஊர்களில் அதன் பெயரைச் சொல்லவும் அஞ்சி, "அம்மை வார்த்திருக்கிறது" என்றார்கள். வாசலில் வேப்பிலை செருகினார்கள்.

1796ஆம் ஆண்டு மே மாதம் இங்கிலாந்தில் எட்வர்டு ஜென்னர், பால் கறக்கும் பெண் ஒருத்தியின் கையில் தோன்றிய பசு அம்மைக் கொப்புளத்திலிருந்து நீரை எடுத்து, ஜேம்ஸ் பிப்ஸ் என்னும் 8 வயதுச் சிறுவனின் கையில் கீறி வைத்தார். பிறகு அச்சிறுவனைப் பெரியம்மை தொடவில்லை. கொப்புளத்தின் அந்த நீரைத்தான் தமிழர்கள் 'அம்மைப்பால்' என்றனர். அம்மைப்பால் வைப்பது, அம்மை குத்துவது என்ற வழக்குகள் இவ்வாறு பிறந்தவையே.

இங்கே ஒரு சிக்கல் எழுந்தது. அம்மைப்பால் என்பது கஷாயமோ சூரணமோ அன்று; அதில் உயிருள்ள வைரசு இருக்கிறது. வைரசு என்னும் சொல்லின் இன்றைய பொருள் அன்று யாருக்கும் தெரியாது. ஆயினும் உலர்ந்தால், சூடுபட்டால், நாள் கடந்தால் பால் பயனற்றுப் போகிறது என்பது அனுபவத்தில் தெரிந்தது. இங்கிலாந்திலிருந்து நன்னம்பிக்கை முனையைச் சுற்றி இந்தியா வர, கப்பலுக்கு ஐந்தாறு மாதம் பிடிக்கும். நிலநடுக்கோட்டை இருமுறை கடக்க வேண்டும். நூலில் தோய்த்து அனுப்பிய பால் இங்கே வந்து சேரும்போது வெறும் நூலாகவே இருந்தது.

ஒரு கணக்கு

நீங்களே ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். அம்மைப்பால் குத்திய 8ஆம் நாள் அளவில் கையில் கொப்புளம் முற்றி, அதில் புதிய பால் ஊறுகிறது. அப்போது அதை எடுத்து இன்னொருவருக்குக் குத்தலாம். அவர் கையில் மீண்டும் 8 நாளில் புதிய பால். இவ்வாறு தொடர்ந்தால் பால் என்றும் பழையதாகாது. கப்பல் 180 நாள் ஓடுமானால் ஏறக்குறைய 22 பேர் வேண்டும். ஒருவர் கையில் கொப்புளம் எழும்பாவிட்டால் சங்கிலி அறுந்துவிடுமாகையால், ஒவ்வொரு முறையும் இருவருக்குக் குத்துவது நலம். அப்படியானால் 44 பேர் வேண்டும். அவர்கள் முன்பு பெரியம்மையோ பசு அம்மையோ காணாதவர்களாயும் இருத்தல் வேண்டும். அந்நாளில் பெரியம்மை காணாத பெரியவர்களைத் தேடிப் பிடிப்பது கடினம். குழந்தைகளே கிடைப்பார்கள்!

இப்படிக் கப்பலில் ஆட்களை ஏற்றிக் கைக்குக் கை மாற்றிப் பாலை இந்தியாவுக்கு அனுப்பலாம் என்று ஜென்னரே யோசனை கூறினார். அது நிறைவேறுமுன் வேறொரு வழி திறந்தது.

நூலும் கண்ணாடியும்

வியன்னா நகரில் ஜான் டி காரோ என்ற மருத்துவர் இருந்தார். அவர் கடல்வழியை விட்டு நிலவழியைத் தேர்ந்தார். அம்மைப்பாலில் தோய்த்த நூலை இரு கண்ணாடித் தகடுகளுக்கிடையே வைத்து, காற்றுப் புகாதபடி மெழுகினால் மூடி, கான்ஸ்டாண்டிநோபிள் வழியாகப் பாக்தாத்துக்கு அனுப்பினார். 1802 மார்ச் இறுதியில் அது பாக்தாத்தை அடைந்தபோது பால் உயிரோடு இருந்தது. அங்கே குழந்தைகளுக்குக் குத்தினார்கள். அவர்கள் கையிலிருந்து பாஸ்ரா துறைமுகத்துக்கும், அங்கிருந்து கப்பலில் பம்பாய்க்கும் பால் பயணமாயிற்று.

பம்பாயில் பலருக்கும் குத்திப் பார்த்தார்கள். ஒரே ஒரு குழந்தைக்கு மட்டும் கொப்புளம் எழும்பியது. அவள் பெயர் அன்னா டஸ்தால், வயது 3. நாள் 1802 ஜூன் 14. இந்தியாவில் வெற்றியாக அம்மை குத்தப்பெற்ற முதல் மனிதப் பிறவி இக்குழந்தைதான். அவள் கையிலிருந்து எடுத்த பால் ஐந்து பேருக்குச் சென்றது. அந்த ஐவரிடமிருந்து நாடெங்கும் பரவியது. அவள் கைக் கொப்புளம் அன்று நகக்கீறலில் உடைந்திருந்தால், வியன்னாவிலிருந்து வந்த நெடுஞ்சங்கிலி பம்பாய்க் கரையிலேயே அறுந்திருக்கும்.

சென்னையிலிருந்து கல்கத்தாவுக்கு

அந்த ஆண்டு முடியுமுன் பால் ஐதராபாத் வழியாகச் சென்னைக்கும், சென்னையிலிருந்து இலங்கையின் திரிகோணமலைக்கும் போய்ச் சேர்ந்தது. புதுச்சேரி அக்காலத்தில் பிரெஞ்சுக்காரர் கையில் இல்லை. 1793 முதல் 1816 வரை அது ஆங்கிலேயர் வசம் இருந்தது. ஆகவே சோழமண்டலக் கரையின் பெரும்பகுதி அப்போது ஒரே ஆட்சியின் கீழ் இருந்தது.

கல்கத்தாவுக்கு எப்படி அனுப்புவது? சென்னையில் தலைமை மருத்துவராக இருந்த ஜேம்ஸ் ஆண்டர்சன், 13 வயதுள்ள ஜான் கிரெஸ்வெல் என்ற சிறுவனுக்குப் பால் குத்தி, 'ஹண்டர்' என்னும் கப்பலில் ஏற்றி அனுப்பினார். 1802 நவம்பரில் கப்பல் கல்கத்தாவை அடைந்தது. அங்கே பால் புதிய கைகளுக்கு மாற்றப்பட்டு வங்காளத்தில் வேரூன்றியது. ஒரு கடிதத்தை அனுப்புவதுபோல ஒரு சிறுவனை அனுப்பினார்கள். கடிதத்துக்கு உறை உண்டு, முத்திரை உண்டு. சிறுவனுக்கு இருந்ததெல்லாம் கையில் ஒரு கொப்புளமே.

அடுத்த ஆண்டு ஸ்பெயின் நாடு இதையே பெரிய அளவில் செய்தது. 1803 நவம்பர் 30ஆம் நாள் பிரான்சிஸ்கோ பால்மிஸ் என்ற மருத்துவர் லா கொருனா துறைமுகத்திலிருந்து 22 அனாதைச் சிறுவர்களுடன் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார். இசபெல் செந்தால் என்ற மாது அவர்களைத் தாய்போல் பேணி உடன் சென்றார். இருவர் இருவராக அவர்களுக்குப் பால் குத்தப்பட்டது. பால் அமெரிக்காவை அடைந்தது. பின்னர் மெக்சிகோவிலிருந்து 26 சிறுவர்கள் கையில் பிலிப்பைன்ஸ் தீவுகளுக்கும் சென்றது. ஸ்பெயினிலிருந்து போன சிறுவர்கள் பிறந்த நாட்டுக்குத் திரும்பவே இல்லை. அவர்களிடம் யாராவது சம்மதம் கேட்டிருப்பார்களா? தாய் தந்தை இருந்திருந்தால் அனுப்பியிருப்பார்களா? பல்லாயிரம் உயிர்களைக் காத்த செயல்தான். ஆயினும், கேட்பாரற்ற குழந்தைகளின் மேல் அந்தச் சுமை ஏற்றப்பட்டது என்பதை மறக்கலாகாது.

பாலோடு வந்த பகை

கைக்குக் கை மாற்றும் முறையில் வேறோர் ஆபத்தும் ஒளிந்திருந்தது. பால் மட்டுமா மாறுகிறது? கொடுப்பவரின் இரத்தத்தில் வேறு நோய் இருந்தால் அதுவும் மாறுமல்லவா? 1861இல் இத்தாலியின் ரிவால்டா என்னும் ஊரில் ஒரு குழந்தையின் கையிலிருந்து தொடங்கி 63 குழந்தைகளுக்கு அம்மை குத்தினார்கள். அவர்களில் நாற்பதுக்கும் மேற்பட்டோருக்கு மேகநோய் தொற்றிற்று. நம் நாட்டுப் பெற்றோர் பலர் அம்மை குத்துபவரைக் கண்டு கதவைச் சாத்தினார்கள். அதை வெறும் மூடநம்பிக்கை என்று நாம் தள்ளிவிடுகிறோம். யாரோ ஒருவரின் புண்ணிலிருந்து எடுத்ததைத் தம் பிள்ளைக்கு வைப்பதை அஞ்சியதில் ஓரளவு நியாயமும் இருந்தது.

இதற்குத் தீர்வு கன்றுக்குட்டியிடம் கிடைத்தது. கன்றின் தோலில் பாலை வளர்த்து, அதைச் சேகரித்து அனுப்பும் முறை ஐரோப்பாவில் பரவியது. அதனுடன் கிளிசரின் சேர்த்தால் மற்றக் கிருமிகள் மடிந்து, பாலும் கூடுதல் நாள் கெடாதிருக்கும் என்பதை 1891இல் மாங்க்டன் கோப்மன் விளக்கினார். அதே ஆண்டு சைகோனில் ஆல்பர்ட் கால்மெட் எருமையைக் கொண்டே பால் தயாரிக்கத் தொடங்கினார். சென்னைக்கு அருகே கிண்டியில் 1905இல் இயங்கத் தொடங்கிய கிங் நிலையம் தென்னாட்டுக்கு அம்மைப்பால் வழங்கும் இடமாயிற்று. குழந்தையின் கை விடுதலை பெற்றது. பால் குழாய்க்குள் அடைபட்டது.

வெறிநாய்க்கடி மருந்தில் முதலில் நேர்மாறான நிலை இருந்தது. 1907இல் குன்னூரில் பாஸ்டர் நிலையம் தோன்றியபோது, கடிபட்டவர் மருந்தைத் தேடி மலையேறிப் போகவேண்டியிருந்தது. பின்னரே மருந்து நோயாளியைத் தேடி ஊர் ஊராக வரலாயிற்று. அப்படி வருவதற்கும் ஒரு தூதர் வேண்டும்.

வெயிலை வென்ற பொடி

குழாயில் அடைத்த பாலையும் நம் வெயில் விடவில்லை. கோடையில் சில நாள்களில் அது வீரியம் இழந்தது. அம்மை குத்துபவர் கிராமத்துக்குப் போய்க் குத்துவார், பதிவேட்டில் எழுதுவார், கையில் ஒன்றும் எழும்பாது. குத்திக்கொண்டவர் தமக்குக் காப்பு உண்டு என்று நம்பியிருப்பார். இதைவிட ஏமாற்றம் வேறென்ன?

1950களில் இலண்டன் லிஸ்டர் நிலையத்தில் லெஸ்லி கோலியர், பாலை உறையவைத்து, அந்நிலையிலேயே நீரை ஆவியாக்கிப் பொடியாக்கும் முறையைச் செம்மைப்படுத்தினார். 37 டிகிரி வெப்பத்தில் ஒரு மாதம் வைத்தாலும் கெடாத மருந்து கிடைத்தது. இனித் தூதர் வெயிலுக்கு அஞ்ச வேண்டியதில்லை. பையில் போட்டுக்கொண்டு நடந்தே போகலாம். போனார்கள். 1975 மே மாதத்துக்குப் பின் இந்தியாவில் பெரியம்மை இல்லை. 1980 மே 8ஆம் நாள் உலகிலேயே அது இல்லை என்று உலகச் சுகாதார மன்றம் அறிவித்தது. சுமந்து செல்வதன் சிக்கல் தீர்ந்தது இவ்வெற்றிக்கு ஒரு முக்கிய காரணமாகும்.

குளிரும் பகையே

எல்லா மருந்தும் அம்மைப்பாலைப்போலப் பொடியாக்கப்பட்டு வெயிலைத் தாங்குவதில்லை. போலியோ சொட்டு மருந்து வெயிலில் விரைவில் கெடும். எனவே பொதுவாகத் தடுப்பூசிகள் 2 முதல் 8 டிகிரி வரை குளிரில் இருக்க வேண்டும். அப்படியானால் நிறையப் பனிக்கட்டி போட்டுவிட்டால் போதுமே என்று நீங்கள் நினைக்கலாம். அங்கேதான் தவறு நேர்கிறது! தொண்டை அடைப்பான், வில்வாதம் ஆகியவற்றுக்கான ஊசி மருந்துகள் உறைந்தால் கெட்டுப்போகும். ஆகவே பெட்டியில் வைக்கும் நான்கு ஐஸ் பேக்குகளையும் உறைபெட்டியிலிருந்து எடுத்தவுடன் வைப்பதில்லை. சற்று வெளியே வைத்து, காதருகே குலுக்கிப் பார்த்து, உள்ளே நீர் அசையும் ஒலி கேட்ட பின்னரே வைக்கிறார்கள்.

ஐயத்துக்குரிய குப்பியைச் சோதிக்கவும் எளிய வழி உண்டு. அதே வகைக் குப்பி ஒன்றை வேண்டுமென்றே உறையவைத்து உருக்கி, இரண்டையும் குலுக்கி மேசைமேல் வைக்கிறார்கள். உறைந்து கெட்டதில் வண்டல் விரைவில் அடியில் படியும். நல்லது நெடுநேரம் கலங்கியிருக்கும். வெப்பத்தைக் காட்டிக்கொடுக்கக் குப்பியின் மேலேயே ஓர் அடையாளம் உண்டு. வட்டத்துக்குள் வெண்சதுரம் ஒன்று இருக்கும். சூடுபடப்படச் சதுரம் கறுக்கும். அது வட்டத்தின் நிறத்துக்கு வந்துவிட்டால் மருந்தைப் பயன்படுத்தலாகாது.

இப்போது புதுச்சேரியை நினைத்துப் பாருங்கள். இந்த ஆட்சிப் பகுதியில் நகரத்தைச் சுற்றியுள்ள கட்டங்கள் மட்டுமல்ல, தெற்கே சுமார் 130 கிலோமீட்டரில் காரைக்காலும், மேற்குக் கடற்கரையில் மாகேயும், ஆந்திரத்துக் கோதாவரிக் கரையில் ஏனாமும் அடங்கும். பிரெஞ்சு வணிகர் கப்பல் நிறுத்திய இடங்கள் இன்றும் ஓர் ஆட்சியின் துண்டுகளாக இருப்பதால் வந்த நிலை இது. 1823இல் பிரெஞ்சு மருத்துவப் பள்ளி தோன்றிய ஊர் புதுச்சேரி. அதன் வழித்தோன்றலே 1964 முதல் ஜிப்மர் என்ற பெயருடன் கோரிமேட்டில் விளங்குவது. ஆயினும் பெரிய மருத்துவமனை இருந்தால் மட்டும் போதாது. கடைசிச் சில கிலோமீட்டரை யாராவது ஒருவர் கடந்தே ஆகவேண்டும்.

அந்த ஒருவர் மருத்துவர் அல்லர், செவிலியரும் அல்லர். ஆரம்பச் சுகாதார நிலையத்திலிருந்து ஊசி போடும் இடத்துக்குப் பெட்டியைச் சேர்த்து, மாலையில் மீதத்தைத் திருப்பிக் கொண்டுவந்து ஒப்படைப்பவர். வழியில் பெட்டியை வெயிலில் வைத்துவிட்டுத் தேநீர் குடித்தால் யாருக்கும் தெரியாது. மருந்தின் நிறம் மாறாது, மணம் மாறாது. பல மாதம் கழித்து ஏதோ ஒரு வீட்டில் ஒரு குழந்தை நோயுறும்போதுதான் அதன் விலை தெரியும். ஆகவே அவர் பெட்டியை நிழலில் வைக்கிறார். மூடியை வீணாகத் திறப்பதில்லை. நேரே போய்ச் சேருகிறார்.

அன்னா டஸ்தாலும் ஜான் கிரெஸ்வெல்லும் தம் கையில் சுமந்ததைத்தான் அவர் இன்று பெட்டியில் சுமக்கிறார். அடுத்த முறை சாலையில் அவரைக் கண்டால், உங்கள் வண்டியைச் சற்று ஒதுக்கி வழிவிடுங்கள்.