இரண்டு பேரேடுகள்

பேங்கில் என் மேஜைக்கு வரும் வேலைகளில் ரீகன்ஸிலியேஷன் ஒன்று. நம் கிளையின் பேரேடும் எதிர்க் கிளையின் பேரேடும் ஒத்துப்போக வேண்டும். போகாதபோது யார் எதை எழுதாமல் விட்டார்கள் என்று பார்க்கிறோம். இதில் யாரும் யாருடனும் கைகுலுக்குவதில்லை. கனடா அரசு தன் ஆதிகுடிகளோடு செய்துகொள்ளப் போவதாகச் சொல்லும் காரியத்துக்கும் இதே ஆங்கில வார்த்தைதான். தமிழில் நல்லிணக்கம் என்கிறோம். நம் வார்த்தையில் மனசு இருக்கிறது; கணக்கு இல்லை. கனடா அரசும் அந்த வார்த்தையைத் தமிழ் அர்த்தத்தில்தான் உபயோகிக்கிறதோ என்று சந்தேகப்பட அதன் மேற்குக் கடற்கரையின் சரித்திரம் இடம் தருகிறது.

அந்தச் சரித்திரம் கப்பல்களால் ஆனது. 1787ல் ஜார்ஜ் டிக்ஸன் என்ற ஆங்கிலேய வியாபாரி, ஹைடா மக்களின் தீவுகளுக்குத் தன் கப்பலின் பெயரை வைத்தார்: க்வீன் ஷார்லட். கப்பலுக்கு ராணியின் பெயர், தீவுகளுக்குக் கப்பலின் பெயர். ஹைடா க்வாய் என்ற பெயர் சட்டபூர்வமாகத் திரும்பி வர 2010 ஆயிற்று. டிக்ஸனைப் போன்றவர்கள் வந்தது கடல் நீர்நாயின் தோலுக்காக. தோல் சீனாவின் கான்டன் துறைமுகத்துக்குப் போயிற்று. இந்தக் கரையின் கடைசி நீர்நாய் 1929ல் சுடப்பட்டது.

1862ல் ஸான் ஃப்ரான்ஸிஸ்கோவிலிருந்து வந்த ஒரு கப்பல் விக்டோரியா நகரத்தில் பெரியம்மையை இறக்கியது. ஊரோரம் கூடாரமடித்திருந்த வடக்கத்தி ஆதிகுடிகளுக்கு வைத்தியம் பார்ப்பதற்குப் பதில், அதிகாரிகள் அவர்களை வடக்கே விரட்டினார்கள். அவர்களுடைய ஓடங்கள் சிலவற்றைப் பீரங்கிப் படகுகளே இழுத்துக்கொண்டு போயின. நோய் கரை நெடுகிலும் இறங்கியது. ஹெயில்ட்சுக் என்ற இனத்தில் மிஞ்சியவர்கள் பல கிராமங்களை விட்டு பெல்லா பெல்லா என்ற ஒரே ஊரில் கூடினார்கள்.

அரசின் பேரேட்டில் இதற்குப் பிறகு அந்தக் கடல் வெறும் தண்ணீர். ஹெயில்ட்சுக்கின் பேரேட்டில் அப்படியில்லை. அவர்கள் ஹெரிங் மீனின் முட்டை ஒட்டிய கடற்பாசியை அறுத்து, வெள்ளைக்காரன் வருவதற்கு முன்பிருந்தே டன் கணக்கில் வியாபாரம் செய்தவர்கள். 1988ல் இரண்டு சகோதரர்கள் அதே சரக்கை விற்க முயன்றபோது அது குற்றமாகிவிட்டது. வழக்கு சுப்ரீம் கோர்ட் வரை போய் 1996ல் அந்த வியாபாரம் அவர்கள் உரிமை என்று தீர்ப்பாயிற்று. எதிர்க் கிளையின் பேரேட்டை ஒரு முறையாவது திறந்து பார்த்தார்கள் என்பதால் இதைக் குறிப்பிடுகிறேன்.

2006 மார்ச் 22ல் க்வீன் ஆஃப் த நார்த் என்ற பயணிக் கப்பல் நள்ளிரவு தாண்டி கில் தீவின் மீது மோதி மூழ்கியது. கப்பலில் 101 பேர். பக்கத்திலிருந்த ஹார்ட்லி பே என்ற கிட்காட் இனத்தவரின் சின்ன ஊரிலிருந்து, கையில் கிடைத்த படகுகளை எடுத்துக்கொண்டு இருட்டில் போனார்கள். 99 பேர் பிழைத்தார்கள். அந்தத் தண்ணீரைத் தெரிந்தவர்கள் யார் என்பதற்கு இதைவிட சாட்சியம் தேவையில்லை.

பத்து வருஷம் கழித்து, 2016 அக்டோபர் 13. நேதன் இ. ஸ்டூவர்ட் என்ற அமெரிக்க இழுவைக் கப்பல், காலி எண்ணெய்ப் பார்ஜுடன் அலாஸ்காவிலிருந்து தெற்கே வந்துகொண்டிருந்தது. உள்ளூர் பைலட்டை ஏற்றிக்கொள்ளாமல் போக அதற்கு விலக்கு இருந்தது. பொறுப்பிலிருந்த அதிகாரி தூங்கிப்போனார். பெல்லா பெல்லாவுக்குப் பக்கத்தில் பாறையில் ஏறி, சுமார் 1,10,000 லிட்டர் டீஸல் கேல் பாஸ் என்ற இடத்தின் மட்டிப் படுகைகளுக்கு அருகே கடலில் கலந்தது.

இருபத்தைந்து நாள் கழித்து, நவம்பர் 7ல், கனடாவின் பிரதமர் 150 கோடி டாலரில் சமுத்திரப் பாதுகாப்புத் திட்டத்தை அறிவித்தார். ஆதிகுடிகளைப் பங்காளிகளாகச் சேர்ப்பது அதில் ஒரு முக்கியமான வாக்குறுதி. அதே மாதம் 29ந்தேதி, வடகரைக்கு எண்ணெய் கொண்டுவரும் குழாயை நிராகரித்த கையோடு, தென்கரைக்குக் கொண்டுவரும் ட்ரான்ஸ் மௌன்டன் குழாய் விஸ்தரிப்புக்கு அனுமதி கொடுத்தார்கள். 2018 ஆகஸ்டில் அந்த அனுமதியைக் கோர்ட் ரத்து செய்தது. சொன்ன காரணங்கள் இரண்டு: ஆதிகுடிகளிடம் ஒழுங்காகக் கலந்து பேசவில்லை, குழாயின் முடிவில் எண்ணெயை ஏற்றும் கப்பல்களைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. அரசு 2019ல் மறுபடி அனுமதித்தது. 2024ல் எண்ணெய் ஓடத் தொடங்கியது.

வடகரைக்கு 2019ல் டாங்கர் தடைச் சட்டம் வந்தது. கச்சா எண்ணெயும் கடலில் எளிதில் கரைந்து மறையாத எண்ணெய்களும் 12,500 டன்னுக்கு மேல் ஏற்றிய கப்பல்கள் அங்குள்ள துறைமுகங்களில் ஏற்றி இறக்க முடியாது. நல்ல சட்டம். ஆனால் டீஸல் அந்தப் பட்டியலில் இல்லை. நேதன் இ. ஸ்டூவர்ட் மறுபடி வந்தால் இந்தச் சட்டம் அதைத் தடுக்காது. ஹைடா க்வாயின் மேற்கே பெரிய கப்பல்கள் 50 கடல் மைல் தள்ளிப் போகவேண்டும் என்று 2020ல் ஹைடாக்களும் அரசும் சேர்ந்து வகுத்த எல்லை, கப்பல்காரர்கள் விரும்பி ஏற்பது என்ற அளவில் ஆரம்பித்தது. இவற்றை நான் கேலி செய்யவில்லை. 2018ல் வடகரையின் பதினான்கு இனங்களோடு கடலைச் சேர்ந்து நிர்வகிக்க ஒப்பந்தம் போட்டது முப்பது வருஷத்துக்கு முன்னால் நினைத்துப் பார்க்க முடியாத காரியம்.

ஆனால் பெல்லா பெல்லாவின் கணக்கு நேராகவில்லை. கப்பல் கம்பெனிக்கு 2019ல் சுமார் 29 லட்சம் டாலர் அபராதம். கடலுக்கு நேர்ந்த கேட்டுக்குச் சட்டம் அனுமதிக்கும் நஷ்டஈடு, இழந்த லாபத்துக்கும் இடத்தைச் சீராக்கும் நியாயமான செலவுக்கும்தான். ஒரு கிழவி பேரனுக்கு மட்டி தோண்டச் சொல்லிக்கொடுக்க முடியாமல் போன பருவத்துக்குப் பேரேட்டில் பத்தி கிடையாது. இதைக் கேட்டுத்தான் ஹெயில்ட்சுக் மக்கள் 2018ல் வழக்குப் போட்டார்கள். கடற்படுகையே தங்களுடையது என்றும் கோரினார்கள்.

எந்தத் தலைப்பிலும் சேராத தொகையை நாங்கள் சஸ்பென்ஸ் கணக்கில் போட்டு வைப்போம். ஆடிட்டர் வந்தால் முதலில் திறப்பது அதைத்தான். வருஷக் கணக்கில் தீராமல் கிடக்கும் பதிவு, தொகை எவ்வளவு சின்னதானாலும், பேரேடு எழுதியவரைப் பற்றித்தான் ஏதோ சொல்கிறது என்பது அவருக்குத் தெரியும்.