கேமுக்குள் காட்டை அழித்தால் நிஜக் காடு பிழைக்குமா? விர்ச்சுவல் உலகப் போராட்டங்கள் சாதித்தது என்ன?

2017-ம் ஆண்டு. மைன்கிராஃப்ட் கேமில் ஒரு பிரம்மாண்டமான காட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போனவர்கள், மறுபடியும் உள்ளே வந்தபோது ஆடிப்போனார்கள். காட்டையே காணோம். கண்ணுக்கெட்டிய தூரம் வரை மொட்டை நிலம். ஒரே ஒரு மரம் மட்டும் மிச்சம் இருந்தது.

ஹேக்கர்கள் யாரும் செய்த வேலை இல்லை இது. காட்டை உருவாக்கியவர்களே வேண்டுமென்றே அழித்திருந்தார்கள். காரணம், அந்தக் காடு நிஜத்திலும் இருக்கிறது. அங்கேயும் அப்போது மரங்கள் விழுந்துகொண்டிருந்தன.

அது எந்தக் காடு?

போலந்து - பெலாரஸ் எல்லையில் இருக்கும் பியாவோவியேஜா. ஐரோப்பாவின் சமவெளிகளில் ஒரு காலத்தில் பரந்து கிடந்த பழங்காடுகளின் கடைசி மிச்சங்களில் ஒன்று. ஐரோப்பியக் காட்டெருமைகளின் வீடு. யுனெஸ்கோ உலக பாரம்பரியப் பட்டியலிலும் இருக்கிறது. ஆனால் போலந்துப் பகுதியில் தேசியப் பூங்காவாகப் பாதுகாக்கப்படுவது சுமார் ஆறில் ஒரு பங்குதான். மற்றதில் பெரும்பகுதி வனத்துறை நிர்வகிக்கும் நிலம்.

2016 மார்ச்சில் அப்போதைய சுற்றுச்சூழல் அமைச்சர் யான் ஷிஷ்கோ, பியாவோவியேஜா வனக் கோட்டத்தில் வெட்டும் அளவை 63 ஆயிரம் கன மீட்டரிலிருந்து 1.88 லட்சம் கன மீட்டராக உயர்த்த ஒப்புதல் கொடுத்தார். கிட்டத்தட்ட மூன்று மடங்கு. ஸ்ப்ரூஸ் மரங்களைப் பட்டை வண்டுகள் தின்கின்றன, வெட்டினால்தான் பரவாது என்பது அரசின் வாதம். பட்டுப்போன மரமும் காட்டின் ஒரு பகுதிதான், அதை நம்பிப் பூஞ்சைகளும் பூச்சிகளும் பறவைகளும் வாழ்கின்றன என்று பல விஞ்ஞானிகள் எதிர்த்தார்கள்.

கேமுக்குள் காடு வந்தது எப்படி?

போலந்து கிரீன்பீஸ் அமைப்பும் ஒரு விளம்பர நிறுவனமும் சேர்ந்து போட்ட திட்டம் இது. டென்மார்க்கைச் சேர்ந்த ஜியோபாக்ஸர்ஸ் நிறுவனம் நிஜ வரைபடத் தரவுகளை வைத்து சுமார் 700 சதுர கிலோமீட்டர் காட்டை அப்படியே ஒன்றுக்கு ஒன்று அளவில் மைன்கிராஃப்டில் கட்டியது. போலந்தின் பிரபல யூடியூபர்கள் அதற்குள் விளையாடி வீடியோ போட்டார்கள். பசங்க கூட்டம் கூட்டமாக உள்ளே வந்தது. அப்புறம்தான் அந்த மொட்டை நிலம்.

வண்டு, கன மீட்டர், ஐரோப்பிய சட்டம் என்று பேசினால் 14 வயதுப் பையன் அடுத்த வீடியோவுக்குப் போய்விடுவான். ஆனால் தான் சுற்றி விளையாடிய இடம் காணாமல் போனால் "ஏன்?" என்று கேட்பான். இந்த ஐடியா வேலை செய்த இடம் அதுதான்.

அப்படியென்றால் காட்டைக் காப்பாற்றியது கேமா?

இல்லை. இங்கே கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். 2017-ல் ஆர்வலர்கள் நிஜக் காட்டுக்குள் முகாம் போட்டு, மரம் வெட்டும் ராட்சத இயந்திரங்களோடு தங்களைச் சங்கிலியால் பிணைத்துக்கொண்டார்கள். அதே ஆண்டு ஜூலையில் ஐரோப்பிய ஆணையம் போலந்தை ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றத்துக்கு இழுத்தது. வெட்டை நிறுத்தச் சொல்லி இடைக்கால உத்தரவு வந்தது, போலந்து நிறுத்தவில்லை. நவம்பர் 20-ம் தேதி நீதிமன்றம் கடுமையானது. மீறினால் நாளொன்றுக்குக் குறைந்தது 1 லட்சம் யூரோ அபராதம் என்றது. அதன் பிறகுதான் இயந்திரங்கள் வெளியேறின. 2018 ஜனவரியில் ஷிஷ்கோ பதவியிழந்தார். ஏப்ரல் 17-ல் இறுதித் தீர்ப்பும் போலந்துக்கு எதிராகவே வந்தது.

ஆக, கேம் கூட்டத்தைச் சேர்த்தது, நிறுத்தியது அபராதம். அந்தக் கேம் பிரசாரம் விளம்பரத் துறை விருதுகளையும் வாங்கியது. சங்கிலியோடு நின்றவர்களுக்கு அதெல்லாம் இல்லை.

கேமுக்குள் நடந்த போராட்டம் எதையுமே மாற்றியதில்லையா?

மாற்றியிருக்கிறது, ஆனால் அது சுற்றுச்சூழல் விவகாரம் அல்ல. 2007 செப்டம்பரில் இத்தாலி ஐபிஎம் ஊழியர்கள் சம்பளப் பிரச்னைக்காக செகண்ட் லைஃப் என்ற விர்ச்சுவல் உலகில் வேலைநிறுத்தம் செய்தார்கள். 30 நாடுகளிலிருந்து சுமார் 1,850 அவதார்கள் ஐபிஎம் தீவுகளில் பேனர் பிடித்தன. அடுத்த சில வாரங்களில் இத்தாலியத் தலைமை அதிகாரி விலகினார், புதிய ஒப்பந்தமும் வந்தது. ஆனால் அவர்கள் பின்னால் ஒரு நிஜத் தொழிற்சங்கம் இருந்தது. எதிரே பேச்சுவார்த்தைக்கு உட்காரக் குறிப்பிட்ட ஒரு நிறுவனம் இருந்தது. பருவநிலை மாற்றத்துக்கு எதிராகக் கொடி பிடித்தால் எதிரே உட்காரப்போவது யார்?

இடம் யாருடையது?

இது இன்னொரு சிக்கல். அடுத்தவர் வீட்டு ஹாலில் பொதுக்கூட்டம் போடுவது மாதிரிதான். 2020 ஏப்ரலில் ஹாங்காங் போராட்டக்காரர்கள் அனிமல் கிராசிங் கேமில் கோஷம் எழுதினார்கள். சீன ஆன்லைன் கடைகளிலிருந்து அந்த கேமே காணாமல் போனது. அதே ஆண்டு நவம்பரில் நின்டெண்டோ, நிறுவனங்களும் அமைப்புகளும் கேமுக்குள் அரசியலைக் கொண்டுவர வேண்டாம் என்று விதி போட்டது. ஒரு சுரங்கத்துக்கோ அணைக்கோ எதிராகப் பேசுவதை அரசியல் இல்லை என்று எந்த அரசு சொல்லும்?

கரன்ட் செலவு?

2006-லேயே எழுத்தாளர் நிக்கலஸ் கார் ஒரு கணக்குப் போட்டார். செகண்ட் லைஃப் அவதார் ஒன்று ஆண்டுக்கு 1,752 யூனிட் மின்சாரம் சாப்பிடுகிறது, ஏறத்தாழ ஒரு சராசரி பிரேசில் குடிமகன் அளவுக்கு என்றார். தோராயக் கணக்குதான், அப்போதே விமர்சனமும் வந்தது. சர்வர்கள் இப்போது நிறைய மாறிவிட்டன. ஆனாலும் கேள்வி மட்டும் போகவில்லை.

பலன் தெரிந்த இடங்கள்

ஐநா வளர்ச்சித் திட்டம், ஆங்ரி பேர்ட்ஸ் போன்ற மொபைல் கேம்களில் விளம்பரம் வரும் இடத்தில் பருவநிலைக் கருத்துக்கணிப்பை வைத்தது. 2021 ஜனவரியில் வந்த முடிவு: 50 நாடுகள், 12 லட்சம் பேர், 64 சதவீதம் பேர் இதை அவசரநிலை என்றார்கள். பதில் சொன்னவர்களில் 5 லட்சத்துக்கும் மேல் 18 வயதுக்கு உட்பட்டவர்கள். ஓட்டுரிமையே இல்லாதவர்களின் கருத்தை அரசுகள் முன் வைக்க இதைவிட எளிய வழி கிடைப்பது கஷ்டம்.

சீனாவில் அலிபே ஆப்பில் 2016-ல் தொடங்கிய ஆன்ட் ஃபாரஸ்ட் இன்னும் நேரடி. நடந்து போனால், பஸ்ஸில் போனால், பில்லை ஆன்லைனில் கட்டினால் பாயின்ட். பாயின்ட் சேர்ந்து ஸ்கிரீனில் மரம் வளர்ந்ததும், வறண்ட பகுதியில் ஒரு நிஜ மரம் நடப்படும். 2019-ல் ஐநாவின் சுற்றுச்சூழல் விருது கிடைத்தபோது கணக்கு 12.2 கோடி மரங்கள். பாலைவன ஓரத்தில் நட்டதில் எத்தனை தண்ணீர் கிடைத்து நிற்கின்றன என்பது வேறு கணக்கு. அதை ஆப்பில் பார்த்தால் போதாது, அங்கே போய்த்தான் எண்ண வேண்டும்.