நிலைமின் ஒலிபெருக்கியும் அதற்கேற்ற ஆம்பிளிஃபயரும்: ஒரு சிறு வரலாறு

தமிழில் 'ஒலிபெருக்கி' என்னும் சொல் இரு கருவிகளைச் சுமக்கிறது. ஓசையை வெளியிடும் பெட்டிக்கும் அதுவே பெயர்; அதை இயக்கும் ஆம்பிளிஃபயரையும் பேச்சுவழக்கு அதற்குள் அடக்கிவிடுகிறது. மலையாளத்தின் 'உச்சபாஷிணி', உரக்கப் பேசுவது என்னும் பொருளில், பெட்டியை மட்டுமே குறிக்கிறது. திருவனந்தபுரத்தின் சாலைக் கடைத்தெருவில் இரு சொற்களும் புழங்கும். நுட்பமாகப் பார்த்தால் பெட்டி எதையும் பெருக்குவதில்லை, பெருக்குவது ஆம்பிளிஃபயர்தான். பெரும்பாலான பெட்டிகளுக்கு இந்தக் குழப்பத்தால் கேடில்லை. நிலைமின் ஒலிபெருக்கிக்கு மட்டும் எந்த ஆம்பிளிஃபயரோடு அது இணைக்கப்படுகிறது என்பது உயிர்ப்பிரச்சினை.

இங்கிலாந்தின் பீட்டர் வாக்கர் இதன் கோட்பாட்டை 1955இல் 'வயர்லெஸ் வேர்ல்டு' இதழில் தொடராக விளக்கினார். ஹண்டிங்டனில் இயங்கிய அவருடைய நிறுவனம் 1957இல் 'குவாட்' நிலைமின் ஒலிபெருக்கியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1985 வரை அது உற்பத்தியில் இருந்தது. காந்தமும் கம்பிச்சுருளும் கூம்பும் அதில் இல்லை. துளையிட்ட இரு தகடுகளுக்கிடையே மெல்லிய படலம் ஒன்று இழுத்துக் கட்டப்பட்டிருக்கும். தாழ்சுரப் பலகைகளில் ஏறத்தாழ 6000 வோல்ட்டும் உயர்சுரப் பலகையில் 1500 வோல்ட்டும் அப்படலத்தில் நிலையாக ஏற்றப்படும். ஆம்பிளிஃபயரிலிருந்து வரும் மின்னழுத்தத்தை மின்மாற்றி உயர்த்தித் தகடுகளுக்கு அளிக்க, படலம் முன்னும் பின்னும் அசைந்து காற்றை அசைக்கும். ஆம்பிளிஃபயரின் பக்கமிருந்து பார்த்தால் இது ஒரு பெரிய மின்தேக்கி, அவ்வளவுதான்.

சிக்கல் அங்கேதான் பிறக்கிறது. அதிர்வெண் உயர உயர மின்தேக்கியின் மின்னெதிர்ப்பு குறையும். குவாட்டில் தாழ்சுரங்களின் பக்கம் 30 ஓமைத் தாண்டி நிற்பது 18,000 ஹெர்ட்ஸ் அருகே 2 ஓமுக்கும் கீழே இறங்கும். கீழே மின்னழுத்தமும் மேலே மின்னோட்டமும் கேட்கும் இந்தச் சுமையைச் சமாளிக்க எல்லா ஆம்பிளிஃபயராலும் இயலாது. வெளியீட்டு மின்னெதிர்ப்பு மிகுந்த ஒன்றில் உயர்சுரங்கள் மங்கும். எதிர்ப் பின்னூட்டத்தை மிகுதியாக நம்பும் ஒன்றில், மின்தேக்கிச் சுமையின் கட்ட மாற்றத்தால், செவிக்கு எட்டாத அதிர்வெண்ணில் தானாகவே ஊசலாட்டம் தொடங்கும். எதுவும் கேட்காது, வெளியீட்டு டிரான்சிஸ்டர்கள் மட்டும் கொதித்து மடியும்.

வாக்கரின் 1953ஆம் ஆண்டு 'குவாட் 2' ஆம்பிளிஃபயர் கேடி66 வால்வுகள் இரண்டைக் கொண்டு 15 வாட் மட்டுமே தந்தது. இன்றைய விளம்பரங்களின் முன் இது நகைப்புக்குரிய எண். ஆனால் அந்த ஒலிபெருக்கி தாங்கும் உச்ச மின்னழுத்தம் 33 வோல்ட். 15 ஓமில் 15 வாட் என்பது உச்சத்தில் 21 வோல்ட், அதற்குள் அடங்கிவிடும். 8 ஓமில் 100 வாட் தரும் ஆம்பிளிஃபயரோ 40 வோல்ட் உச்சம் வரை எகிறும். உயர்சுரப் பலகையில் பொறி பறந்து படலம் துளைபடுவதற்கு அதுவே போதும். வாட் எண்ணைப் பார்த்து வாங்கியவர்கள் பலகைகளை இழந்த கதையின் கணக்கு இதுதான். 1967இல் வந்த டிரான்சிஸ்டர் 'குவாட் 303'இன் மின்வழங்கி 67 வோல்ட்டில் நிலைநிறுத்தப்பட்டது. வெளியீட்டின் உச்சம் அதன் பாதியைத் தாண்ட வழியில்லை. கட்டுப்பாடு வடிவமைப்பிலேயே குடியிருந்தது. 1975இன் 100 வாட் '405'இல் அந்த அமைதி இல்லை. பழைய நிலைமின் பெட்டிகளோடு இணைக்க மின்னழுத்த வரம்புச் சுற்று தேவைப்பட்டது. 1981இன் 'இஎஸ்எல்-63'இல் பாதுகாப்புச் சுற்று ஒலிபெருக்கிக்குள்ளேயே இடம்பெயர்ந்தது. ஆம்பிளிஃபயரைத் தேர்ந்தெடுப்போரின் அறிவை நம்புவதை வாக்கர் கைவிட்டார் என்று இதை வாசிக்கலாம்.

இந்தியாவில் இத்துறை அயலானதன்று. புனேயின் 'கேடன்ஸ்' நிறுவனம், நிலைமின் பலகையோடு சாதாரணத் தாழ்சுரக் கூம்பை இணைத்த கலப்பு ஒலிபெருக்கிகளையும் வால்வு ஆம்பிளிஃபயர்களையும் உருவாக்கியது. திருவனந்தபுரத்தின் மின்னணு மரபு வேறு திசையில் வளர்ந்தது. 1943இல் திருவிதாங்கூர் அரசின் வானொலி, 1950இல் அது அகில இந்திய வானொலியின் கையில், 1973இல் கெல்ட்ரான். வேடிக்கை என்னவென்றால், கெல்ட்ரானின் கண்ணூர்க் கிளை நிறுவனம் பேர்பெற்றது மின்தேக்கிகளுக்காக.

நகரின் வானிலை இந்தத் தேர்வுக்கு இன்னொரு நிபந்தனையைச் சேர்க்கிறது. இரு பருவமழைகளும் தொடும் ஊர் இது. ஈரமும் தூசியும் படிந்த பலகையில் மின்னேற்றம் கசியும், ஒலி தணியும். துலாவர்ஷத்தின் இடிமாலைகளில் வீடெங்கும் பிளக்குகள் பிடுங்கப்படும். மீண்டும் செருகியதும் படலம் முழு மின்னேற்றம் பெறச் சற்றுநேரம் ஆகும். அதற்குள் ஒலி போதவில்லையென்று கேட்பவர் குமிழைத் திருகுவார். மின்னேற்றம் மெல்லத் திரும்பும்போது குமிழ் உயரத்திலேயே இருக்கும். எதிரே இருப்பது 15 வாட் வால்வு ஆம்பிளிஃபயர் என்றால் ஓசை சற்றுக் கரகரக்கும். 100 வாட் என்றால் இடிக்குத் தப்பிய பலகை கீர்த்தனையின் உச்சத்தில் பொறிந்துவிடும்.