சுருதி சரி, தாளம் தப்பு: டைட்டனில் இறங்கிய ஹைகன்ஸின் கதை

பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியல் படித்தவர்களுக்கு ஹைகன்ஸ் தத்துவம் மறந்திருக்காது. அலைமுகத்தின் ஒவ்வொரு புள்ளியும் ஒரு புது அலையின் தொடக்கம் என்று படம் போட்டு மார்க் வாங்கியிருப்பார்கள். அதே கிறிஸ்டியான் ஹைகன்ஸ்தான் 1655-ல், தானே செய்த டெலஸ்கோப்பில், சனிக் கிரகத்தைச் சுற்றும் டைட்டன் என்ற நிலவைக் கண்டுபிடித்தார். அதற்குப் பிறகு சரியாக 350 வருடம் கழித்து, 2005-ல், அவர் பெயர் வைத்த ஒரு சிறு விண்கலம் அந்த நிலவில் போய் இறங்கியது. மனிதன் செய்த ஒரு பொருள் இவ்வளவு தொலைவில் தரையிறங்கியது அதுதான். இன்று வரை அந்தச் சாதனையை எதுவும் முறியடிக்கவில்லை.

ஆனால் அந்தக் கலம் அனுப்பிய படங்களில் பெரும்பாலானவை நமக்கு வந்து சேராமலே போயிருக்க வேண்டியவை. அந்தக் கதை வெளியில் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

முதலில் டைட்டன் மேல் ஏன் இவ்வளவு ஆசை? புதன் கிரகத்தை விடப் பெரிய நிலவு அது. 1944-ல் ஜெரார்ட் கைப்பர் அங்கே மீத்தேன் வாயு இருப்பதைக் கண்டுபிடித்தார். சொந்தமாகக் கனமான காற்று மண்டலம் வைத்திருக்கும் ஒரே நிலவு! 1980 நவம்பரில் வாயேஜர்-1 டைட்டனுக்கு மிக அருகில் போனது. அதற்காகவே அதன் பாதை வளைக்கப்பட்டது. புளூட்டோவுக்கு அனுப்பக் கூடிய வாய்ப்பையும் அதற்காக விட்டுக் கொடுத்தார்கள். இவ்வளவு விலை கொடுத்துப் போய்ப் பார்த்தால்... ஆரஞ்சு நிறப் புகை மூட்டம். அவ்வளவுதான். தரையில் என்ன இருக்கிறது என்று ஒரு துளிகூடத் தெரியவில்லை. கடலா, மலையா, வெறும் பனிக்கட்டியா? மேலிருந்து பார்த்துப் பயனில்லை, உள்ளே இறங்கித்தான் ஆக வேண்டும் என்பது அன்றைக்கே முடிவாகி விட்டது.

அமெரிக்காவின் நாசா, ஐரோப்பிய விண்வெளி நிறுவனம், இத்தாலிய விண்வெளி நிறுவனம் மூன்றும் கூட்டு சேர்ந்தன. தாய்க்கலம் காசினி, அதன் இடுப்பில் குழந்தை மாதிரி ஹைகன்ஸ். 1997 அக்டோபர் 15 அன்று புறப்பாடு. சனியை அடைய ஏழு வருடம்.

ஹைகன்ஸ் 320 கிலோ எடை. பூமிக்கு நேராகப் பேசும் சக்தி அதற்குக் கிடையாது. பாராசூட்டில் இறங்கிக்கொண்டே தன் தகவல்களை மேலே பறக்கும் காசினிக்கு ரேடியோவில் அனுப்ப வேண்டும், காசினி அதைச் சேமித்துப் பிறகு பூமிக்கு அனுப்ப வேண்டும். பேட்டரியின் ஆயுள் சில மணி நேரம். இரண்டாவது வாய்ப்பே கிடையாது. பிரிந்த பிறகு ஹைகன்ஸுக்குக் கட்டளை அனுப்பவும் முடியாது, அதற்குக் காதே இல்லை, வாய் மட்டும்தான்!

ஆக எல்லாமே காசினியில் இருந்த ஒரு ரேடியோ ரிசீவரை நம்பித்தான். பயணத்தின்போது சுமார் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஹைகன்ஸை எழுப்பி நலம் விசாரித்தார்கள். ஆனால் அது ஒயர் வழியாக. ரேடியோ வழியாகப் பேசிப் பார்க்கவே இல்லை. தரையில் இருந்தபோதும் முழு அளவிலான ரேடியோ சோதனை நடக்கவில்லை. அதைச் செய்வதென்றால் பூட்டிய பாகங்களைப் பிரித்து, மறுபடி சான்றிதழ் வாங்கி... செலவு, நேரம். வேண்டாமென்று விட்டுவிட்டார்கள்.

இங்கேதான் போரிஸ் ஸ்மெட்ஸ் வருகிறார். ஸ்வீடன் நாட்டு இன்ஜினியர், ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் நகரத்தில் ஐரோப்பிய நிறுவனத்தின் கட்டுப்பாட்டு மையத்தில் வேலை. பறந்துகொண்டிருக்கும் காசினியிடம் பூமியிலிருந்தே ஹைகன்ஸ் குரலில் பேசிப் பார்க்கலாம் என்றார் அவர். ஒரு சாதாரண சிக்னலை அனுப்பி "கேட்கிறதா" என்று பார்த்தால் போதும் என்பதுதான் மற்றவர்களின் திட்டம். ஸ்மெட்ஸுக்கு அது போதவில்லை. இறங்கும் நாளில் சிக்னல் எப்படி இருக்குமோ அப்படியே, தகவலோடும் டாப்ளர் மாற்றத்தோடும் அனுப்ப வேண்டும் என்றார். தேவையில்லாத வேலை என்று முதலில் ஒதுக்கினார்கள். கிளாடியோ சொலாசோ, ழான்-பியர் லெப்ரெத்தோன் போன்ற சிலர் பக்கபலமாக நின்றதால்தான் அனுமதி கிடைத்தது.

அந்த நேரத்தைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். 1999 செப்டம்பரில் நாசாவின் செவ்வாய் விண்கலம் ஒன்று, ஒரு குழு பவுண்டு கணக்கிலும் இன்னொரு குழு நியூட்டன் கணக்கிலும் எழுதியதால் அழிந்தது. டிசம்பரில் இன்னொன்று செவ்வாயில் இறங்கப் போய்க் காணாமல் போனது. "எல்லாம் சரியாகத்தான் இருக்கும்" என்ற வாக்கியத்துக்கு அப்போது மதிப்பு குறைவு.

2000 பிப்ரவரியில், கலிஃபோர்னியா பாலைவனத்தில் இருக்கும் கோல்ட்ஸ்டோன் ஆன்டெனாவிலிருந்து ஸ்மெட்ஸின் போலி ஹைகன்ஸ் பேசியது. காசினி அப்போது சிறுகோள் பட்டையைக் கடந்துகொண்டிருந்தது. சிக்னல் நன்றாகக் கேட்டது. ஆனால் டாப்ளர் மாற்றத்தைச் சேர்த்ததும், திரும்பி வந்த தகவல் பெரும்பாலும் குப்பை!

என்ன நடந்தது? ரயில் நம்மை நோக்கி வரும்போது ஹாரன் சத்தம் சற்று உச்சமாகவும், கடந்து போனதும் இறங்கியும் கேட்கும் அல்லவா, அதுதான் டாப்ளர் விளைவு. இப்போது அந்த ரயிலில் ஒரு கச்சேரி நடப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ரயில் நெருங்க நெருங்க நாதஸ்வரத்தின் சுருதி மட்டுமா ஏறும்? தவிலின் தாளமும் கொஞ்சம் வேகமாகத்தானே காதில் விழும்! ரிசீவரை வடிவமைத்தவர்கள் சுருதி ஏறும் என்பதைக் கணக்கில் எடுத்துக்கொண்டார்கள். தாளமும் ஏறும் என்பதை விட்டுவிட்டார்கள்.

ஹைகன்ஸ் ஒரு சேனலில் வினாடிக்கு 8192 பிட் வீதம் அனுப்பும். காசினி அதை நோக்கி வினாடிக்குச் சுமார் 5.5 கி.மீ. வேகத்தில் வரும் என்பது பழைய திட்டம். கணக்குப் போட்டுப் பார்த்தால் தாளத்தில் வரும் வித்தியாசம் வினாடிக்கு ஒரு பிட்டில் ஏழில் ஒரு பங்கு. இவ்வளவுதான். ஆனால் அதற்கே ரிசீவர் தாளம் தப்பி, எந்த பிட் எங்கே தொடங்குகிறது என்று தெரியாமல் தடுமாறியது. தரையில் இருந்திருந்தால் உள்ளே ஒரு எண்ணை மாற்றியிருந்தால் போதும். ஆனால் அந்த எண் மாற்ற முடியாதபடி சில்லுக்குள் எழுதப்பட்டிருந்தது. சில்லு கோடிக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால்.

2001-ல் இரு தரப்பு நிபுணர்களும் சேர்ந்த ஒரு மீட்புக் குழு அமைந்தது. ரிசீவரைத் தொட முடியாது. ஹைகன்ஸின் தாளத்தையும் மாற்ற முடியாது. மாற்ற முடிந்தது ஒன்றே ஒன்றுதான்: காசினி பறக்கும் பாதை.

மறுபடியும் ரயிலுக்குப் போவோம். தண்டவாளத்தின் ஓரத்தில் நின்றால் ரயில் நேராக நம் மேல் வருவது போல இருக்கும், டாப்ளர் அதிகம். அதே ரயிலைத் தூரத்து வயலில் நின்று பார்த்தால்? அது நம் முன்னால் குறுக்காகப் போகும். வேகம் அதேதான், ஆனால் நம்மை நோக்கி வரும் வேகம் ஏறக்குறைய பூஜ்ஜியம். தாளம் தப்பாது! டைட்டனை வெறும் 1200 கி.மீ. உயரத்தில் கடப்பதாக இருந்த காசினியை, சுமார் 60,000 கி.மீ.க்கும் அப்பால் கடக்கும்படி மாற்றினார்கள். அதற்காகச் சனியைச் சுற்றும் ஆரம்பச் சுற்றுகளைச் சுருக்கி, கூடுதலாக ஒரு சுற்று சேர்த்தார்கள். எரிபொருள் செலவானது. 2004 நவம்பர் 27 என்றிருந்த இறங்கும் நாள் 2005 ஜனவரி 14-க்குத் தள்ளிப்போனது. பழுதான ஒரு கருவியைத் தொடாமலே, வெறும் வடிவியலால் சரிசெய்தார்கள். விண்வெளி வரலாற்றில் இதைவிட அழகான பழுதுபார்ப்பு இருக்குமா என்பது சந்தேகம்தான்.

2004 கிறிஸ்துமஸ் அன்று காசினி ஹைகன்ஸைக் கழற்றிவிட்டது. இருபது நாள் தனியாக மிதந்து, ஜனவரி 14 அன்று வினாடிக்கு 6 கி.மீ. வேகத்தில் டைட்டன் காற்றுக்குள் பாய்ந்தது. இரண்டரை மணி நேரம் பாராசூட்டில் இறங்கியது. அமெரிக்காவில் இருக்கும் கிரீன் பேங்க் ரேடியோ டெலஸ்கோப்புக்கு, 120 கோடி கி.மீ. தாண்டி, அதன் மெல்லிய குரல் முதலில் எட்டியது. தகவல் எதுவும் புரியாது, "உயிரோடு இருக்கிறது" என்பது மட்டும் தெரியும்.

பிறகு காசினி சேமித்த தகவல் வந்தது. சனியன் விட்டதா என்றால், முழுதாக விடவில்லை! ஹைகன்ஸ் இரண்டு சேனல்களில் பேசியது. அதில் ஒன்றின் ரிசீவருக்கு வேண்டிய ஆஸிலேட்டரை இயக்கும் கட்டளையைப் பட்டியலில் சேர்க்க மறந்துவிட்டார்கள். 700 படங்களில் 350 போச்சு. அதைவிடக் கொடுமை, டைட்டனின் காற்று வேகத்தை அளக்கும் சோதனை முழுக்க அந்த சேனலைத்தான் நம்பியிருந்தது. பான் பல்கலைக்கழகத்தின் மைக்கேல் பேர்ட் அதற்காகப் பல வருடம் உழைத்திருந்தார். அது வேலை செய்யும் தத்துவம்? அதே டாப்ளர்தான்! நல்ல வேளையாக, பூமியின் ரேடியோ டெலஸ்கோப்புகள் பிடித்துவைத்த அந்த மெல்லிய குரலில் டாப்ளர் மாற்றம் பதிவாகியிருந்தது. அதை வைத்தே காற்றை அளந்துவிட்டார்கள். 120 கி.மீ. உயரத்தில் மணிக்கு 400 கி.மீ.க்கு மேல், தரையருகே வெறும் தென்றல்.

சரி, படங்களில் என்ன இருந்தது? ஆறுகள். கிளை பிரிந்து ஓடி ஒரு சமவெளியில் முடியும் ஆற்றுத் தடங்கள். தரையிறங்கிய இடத்தில் உருண்டையான கூழாங்கற்கள். ஆனால் அவை கல் அல்ல, மைனஸ் 179 டிகிரியில் பாறையாக இறுகிய தண்ணீர்ப் பனி. அங்கே ஓடுவது திரவ மீத்தேன். ஹைகன்ஸின் சூட்டில் அடியில் இருந்த ஈரத்தரையிலிருந்து மீத்தேன் ஆவியாகி எழுந்ததைக்கூடக் கருவி முகர்ந்து சொன்னது. தரையில் இறங்கிய பிறகும், காசினி அடிவானத்தில் மறையும் வரை 72 நிமிடம் தகவல் வந்துகொண்டே இருந்தது.

காசினி 2017 செப்டம்பர் 15 அன்று சனிக்குள் விழுந்து எரிந்தது. ஹைகன்ஸ் டைட்டனிலேயே கிடக்கிறது. அதன் அடியில், தரையில் முதலில் குத்திய சிறு கம்பி ஒன்று உண்டு. தரை எவ்வளவு கெட்டி என்று பார்க்கும் கருவி. அதைச் செய்தவர்களில் ஒருவர் அப்போது ஆராய்ச்சி மாணவராக இருந்த ரால்ஃப் லாரன்ஸ். 2019-ல் நாசா தேர்ந்தெடுத்த டிராகன்ஃப்ளை திட்டத்தின் வடிவமைப்பில் இப்போது முக்கியமானவர் அவர்தான். எட்டு சுழல் விசிறிகளோடு டைட்டனில் இடம் விட்டு இடம் பறக்கப்போகும் கலம் அது. 2028-ல் கிளம்பி 2034-ல் போய்ச்சேர வேண்டும் என்பது திட்டம். இந்த முறை மேலே தாய்க்கலம் எதுவும் கிடையாது. தன் ஆன்டெனாவைத் திருப்பி பூமியோடு நேராகவே பேசிக்கொள்ளும்.