ஒரே கப்பலில் சென்ற இரு ஆயுள்கள்

திருவாரூருக்கும் மன்னார்குடிக்கும் இடையே, காவிரிப் பாசன வயல்கள் சூழ அமைந்தது எங்கள் கூத்தாநல்லூர். முன்னோர் கடல் கடந்து மலேயாவிலும் சிங்கப்பூரிலும் வாணிபம் செய்து பொருளீட்டிய ஊர் அது. இதே தஞ்சைத் தரணியிலிருந்து மற்றொரு கூட்டமும் நாகப்பட்டினத்தில் கப்பலேறிற்று. அவர்களிடம் வாணிபத்துக்கு முதல் இல்லை. கங்காணியிடம் வாங்கிய முன்பணமே கடனாக இருந்தது. ரப்பர்த் தோட்டங்களுக்குச் சென்ற கூலி மக்கள் அவர்கள். இரு சாராரும் உண்டது ஒரே சோறு. பேசியது ஒரே தமிழ். ஆயினும் நகரத்துக் கடைவீதியில் குடியேறியவரைவிடத் தோட்டத்து லயத்தில் குடியேறியவரை மரணம் எளிதில் எட்டியது. இஃது ஏன் என்பதே இன்று நான் ஆராய எடுத்துக்கொண்ட பொருள்.

ஆயுளைத் தலையெழுத்து என்று கூறி அமைதி கொள்வது நம் வழக்கம். வரலாறோ வேறு விதமாகச் சாட்சி சொல்கிறது.

1897-ல் செகந்திராபாத்தில் ரொனால்டு ராஸ் என்னும் மருத்துவர், மலேரியாவைப் பரப்புவது கொசுவே என்பதற்குச் சான்று கண்டார். மலேயாவின் கிள்ளான் நகரில் 1901-ல் இக்காய்ச்சல் பேயாட்டம் ஆடியது. அங்கும் அதன் அருகேயிருந்த துறைமுகத்திலும் அவ்வாண்டு 582 பேர் மாண்டனர். மால்கம் வாட்ஸன் என்ற அரசாங்க வைத்தியரின் யோசனைப்படி சதுப்பு நிலங்களிலிருந்து நீர் வடிக்கப்பட்டது, புதர்கள் வெட்டப்பட்டன. அடுத்த ஆண்டு இறந்தோர் தொகை 144. புதிய மருந்து எதுவும் அங்கே கண்டுபிடிக்கப்படவில்லை என்பதைக் கவனியுங்கள். வெட்டியது வாய்க்கால், பிழைத்தது உயிர்.

ஆனால் கிள்ளானில் கண்ட முறை மலைச்சாரல் தோட்டங்களில் பலிக்கவில்லை. காட்டை அழித்ததும் ஓடைகளில் வெயில் விழுந்தது. அவ்வெயில்பட்ட தெளிநீரிலேயே வேறோர் இனக் கொசு பெருகிற்று. காட்டை வெட்டியவன் தமிழ்க் கூலி. ஆகவே காய்ச்சலுக்கு முதல் பலியும் அவனே. நிலத்தடிக் குழாய்களும் எண்ணெய்த் தெளிப்பும் பின்னரே பயன் தந்தன. அவற்றுக்குச் செலவிடத் துரைமார் மனம் இசைந்த தோட்டத்தில் கூலி பிழைத்தான். இசையாத தோட்டத்தில் மடிந்தான். அவன் ஆயுளின் அளவு மற்றொருவரின் கணக்குப் புத்தகத்தில் தீர்மானிக்கப்பட்டது எனலாம்.

நம் தாயகத்தின் நிலை மட்டும் மேலானதாக இருந்ததா? ஜோசப் போர் தலைமையில் அமைந்த குழு 1946-ல் அளித்த அறிக்கை அதைத் தெளிவாக்குகிறது. அதில் கண்ட கணக்கின்படி, பிரிட்டிஷ் இந்தியாவில் பிறந்த ஆண் குழந்தையின் சராசரி ஆயுள் ஏறக்குறைய 27 ஆண்டு, நியூசிலாந்திலோ 65. இதனால் நம்மவர் அனைவரும் 27 வயதில் மாண்டனர் என்று கொள்ளலாகாது. ஒரு குழந்தை பிறந்தவுடன் இறந்து, மற்றொன்று 60 வயது வாழ்ந்தால் இரண்டின் சராசரி 30 தானே? நாட்டில் நிகழ்ந்த மரணங்களில் ஏறத்தாழப் பாதி, பத்து வயது நிரம்பாத சிறாருடையவை என்றும் அவ்வறிக்கை கூறிற்று. நம் ஆயுளைக் குறுக்கியது முதுமை அன்று, தொட்டிலே.

அத்தொட்டிலைக் காத்த விதத்திலும் வேற்றுமை உண்டு. இலங்கையில் இலவசக் கல்வியும், நடந்து செல்லும் தொலைவில் மருத்துவமனைகளும், மலேரியா ஒழிப்பும் சேர்ந்து நாட்டின் ஆயுளை விரைந்து உயர்த்தின. ஆயினும் அதே தீவின் தேயிலைத் தோட்டங்களில், 1948-ல் குடியுரிமை இழந்த தமிழரின் லயங்களில், சிசு மரணம் நாட்டுச் சராசரியைவிட நெடுங்காலம் மிகுந்தே இருந்தது. நன்மை நாட்டுக்கு வந்தது. லயத்தின் வாயிலை அடையத் தாமதித்தது.

தமிழ்நாட்டில் 1971-ல் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 113 ஓராண்டு நிரம்புமுன் மாண்டன. 2020-ல் அத்தொகை 13. இதனை நிகழ்த்தியது யாது? 1956-ல் காமராசர் தொடங்கிய மதிய உணவு, பெண் கல்வி, தடுப்பூசி, ஆரம்ப சுகாதார நிலையங்கள், ஊர் ஊராக நடந்த செவிலியர், 1994-ல் அமைந்த மருத்துவப் பணிகள் கழகம் வழி வந்த இலவச மருந்து ஆகியவை ஒன்றுகூடிச் செய்த பணி அது. தஞ்சையில் 1959-லும் திருவாரூரில் 2010-லும் மருத்துவக் கல்லூரிகள் எழுந்தன. எனினும் அதே 2020-ல் கேரளத்தில் அத்தொகை 6. மத்தியப் பிரதேசத்தில் 43. ஒரே நாட்டில் இத்துணை இடைவெளி!

செல்வ நாடுகளும் இதற்கு விலக்கல்ல. உலகச் சுகாதார நிறுவனத்தின் குழு 2008-ல் ஓர் உதாரணம் காட்டிற்று. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில், கால்ட்டன் என்னும் ஏழைப் பகுதியில் ஆணின் சராசரி ஆயுள் 54; சில மைல் தொலைவிலுள்ள லென்ஸியில் 82. இடையே கடல் இல்லை, மொழியும் ஒன்றே.

எனவே நேயர்களே, ஒருவர் அகால மரணம் அடைந்தார் என்று கேட்கும்போது, என்ன நோய் என்று வினவுவதோடு நாம் நின்றுவிடலாகாது. அவர் குடித்த நீர் எது, அவருடைய அன்னை எத்தனை வகுப்புப் படித்தாள், அவர் தெருவில் வடிகால் உண்டா, அன்றாடக் கூலி வயிற்றுக்குப் போதியதா என்றும் கேட்டறிதல் வேண்டும். வைத்தியர் நம்மிடம் வருமுன்பே நம் ஆயுளில் பெரும்பங்கை இவை வகுத்துவிடுகின்றன. மனிதர் வகுத்த இவ்வேற்றுமையை மனிதரே மாற்ற இயலும் என்பதற்குக் கிள்ளானில் வெட்டிய வாய்க்காலும், தமிழ்நாட்டுப் பள்ளியில் பரிமாறிய சோறும் சான்றாகும்.